சின்னஞ்சிறு குடலில் இத்தனை விருந்தினரா?

இப்பகுதிக்கு வரும் மடல்களில் ஒரு கேள்வி மாற்றி மாற்றித் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. "பிறந்தவுடன் போலியோ சொட்டு கொடுத்தார்கள். ஆறாம் வாரத்தில் மறுபடியும் கொடுத்தார்கள். பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்றரை வயது என்று அட்டையில் இன்னும் கட்டங்கள் இருக்கின்றன. இது போதாதென்று முகாம் நாளிலும் அழைக்கிறார்கள். தட்டம்மை ஊசிக்கு இரண்டு தவணை போதுமாம். இந்தச் சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் இத்தனை முறை? மருந்தில் குறையா, என் பிள்ளையிடம் குறையா?" என்று ஒரு தாய் கேட்கிறார். இன்னொருவரின் ஐயம் வேறு விதமானது. போலியோ சொட்டு கொடுக்கும் அதே நாளில், அதே வாயில், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் விடுகிறார்களே, இரண்டும் வயிற்றுக்குள் போய் ஒன்றையொன்று கெடுத்துவிடாவா என்கிறார் அவர்.

இவை படிப்பறியாதார் கேள்விகள் என்று ஒதுக்கிவிடக் கூடாதவை. ஆய்வுக்கூடங்களில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விகளும் இவைதாம். விடைகளில் சில நம் வேலூரில் கிடைத்தன என்பதை நம்மில் பலர் அறியோம். எனவே இத்திங்கள் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஊசிக்கும் சொட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான தடுப்பூசிகள் அளந்து கொடுக்கும் அரிசி போன்றவை. உள்ளே போன அளவு எவ்வளவோ அவ்வளவுதான் உடலுக்குக் கிட்டும். போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் விதைநெல் போன்றவை. அவற்றில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். இரண்டு சொட்டில் இருக்கும் வைரஸ் மட்டும் பிள்ளையைக் காப்பதில்லை. அது குடலின் உட்புறத் திசுக்களில் இடம் பிடித்து, முளைத்து, பல மடங்காகப் பெருக வேண்டும். அந்தப் பெருக்கத்தைக் கண்டுதான் பிள்ளையின் உடல் விழித்துக்கொள்கிறது. குருதியில் எதிர்ப்பொருள் உண்டாவதும், குடற்சுவரிலேயே காவல் அமைவதும் அதன் பிறகே. விதை முளைக்காத நாளில், மருந்து கொடுத்தும் கொடுக்காதது போலத்தான்.

இனி அந்த விதை விழும் நிலத்தைப் பார்ப்போம். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியேறிவிடுகின்றன. தாய் கருவிலேயே கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள்கள் குருதியில் ஓடுகின்றன. தாய்ப்பாலின் வழியே வரும் எதிர்ப்பொருள்கள் குடலில் உலவுகின்றன. கழிப்பிட வசதியும் தூய குடிநீரும் இல்லாத தெருக்களில், போலியோவைச் சாராத வேறு குடல் வைரஸ்களும் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு நடுவில்தான் சொட்டு மருந்தின் வைரஸ் ஓர் இடம் தேடியாக வேண்டும்.

போதாக்குறைக்கு, போலியோ சொட்டிலேயே ஒரு பங்காளிச் சண்டை உண்டு. இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் வைரஸ் மூன்று வகைப்படும். ஒரு வகைக்கு எதிரான காப்பு மற்ற வகைகளைத் தடுக்காது. ஆதலால் ஆல்பர்ட் சேபின் என்னும் அமெரிக்க அறிஞர் 1950களில் உருவாக்கிய சொட்டு மருந்தின் மூன்று வகைகளையும் ஒரே குப்பியில் கலக்க நேர்ந்தது. கலந்தபோதுதான் இரண்டாம் வகையின் குணம் வெளிப்பட்டது. பந்தியில் முதலில் அமர்ந்து இலையை நிரப்பிக்கொள்ளும் உறவினரைப் போல, அது குடலில் முந்திக்கொண்டு பெருகி, முதல் வகையையும் மூன்றாம் வகையையும் ஒதுக்கிவிட்டது. சம அளவில் கலந்தால் இரண்டாம் வகைக்கே பெரும்பயன் கிட்டுகிறது என்று கண்ட அறிஞர்கள் அளவை மாற்றினார்கள். முதல் வகை பத்துப் பங்கு, இரண்டாம் வகை ஒரே பங்கு, மூன்றாம் வகை மூன்று பங்கு என்று வகுத்தார்கள். பிறகு 1980களில் பிரேசில் நாட்டில் மூன்றாம் வகையின் காப்பு போதவில்லை என்று தெரிந்ததும், அதன் பங்கு ஆறாக உயர்த்தப்பட்டது. இரண்டு சொட்டு இளஞ்சிவப்பு நீருக்குள் இவ்வளவு பஞ்சாயத்து நடந்திருக்கிறது!

பிற குடல் வைரஸ்களின் தொல்லையைப் பற்றியும் சேபின் தொடக்கத்திலேயே கவலைப்பட்டார். அதைச் சோதிக்க அவர் தேர்ந்த இடம் மெக்சிக்கோ நாட்டின் தொலூக்கா நகரம். அங்கே பிள்ளைகளின் குடலில் பலவகை வைரஸ்கள் நிறைந்திருந்தன. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் அந்நகரத்தின் ஏறத்தாழ 26,000 பிள்ளைகளுக்குச் சில நாட்களுக்குள்ளாகவே ஒருசேர மருந்து கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு நாளாகக் கொடுத்தால் தெருவில் உலவும் பிற வைரஸ்கள் வெல்லக்கூடும். ஊரையே ஒரே வாரத்தில் மருந்து வைரஸால் நிரப்பிவிட்டால், ஒரு பிள்ளையின் குடலில் முளைக்காதது அடுத்த வீட்டுப் பிள்ளையிடமிருந்து வந்தாவது முளைக்கும் என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பு பெரிதும் பலித்தது. பின்னாளில் நம் நாடெங்கும் குறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிகளிலும், அங்கன்வாடிகளிலும், பேருந்து நிலையங்களிலும் மேசை போட்டுச் சொட்டு மருந்து கொடுத்ததன் வேரில் இந்தக் கணிப்பும் உண்டு.

மெக்சிக்கோவிலிருந்து நம் ஊருக்கு வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் அவர்கள், தம் உடன் பணியாளருடன் சேர்ந்து 1972-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு பலருக்குக் கசப்பாக இருந்தது. மேலை நாடுகளில் மூன்று தவணையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் காக்கும் அதே மருந்து, நம் பிள்ளைகளில் பலரிடம் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை என்று அது காட்டியது. குளிர்ப் பெட்டியில் பனிக்கட்டி உருகியிருக்கும், மருந்து கெட்டிருக்கும் என்று சொல்லித் தப்புவது எளிது. பிற வைரஸ்கள் தடுத்திருக்கும் என்று சொல்வதும் எளிது. வேலூர் ஆய்வு இந்த இரண்டாவது சாக்கையும் ஏற்கவில்லை. பிற வைரஸ் காணப்படாத பிள்ளைகளிடமும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. பின்னர்ப் பல நாட்டு ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தபோது, பிற குடல் வைரஸ்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆனால் முழுப் பழியையும் அவற்றின் தலையில் கட்டிவிட இயலாது. 1991-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வின்படி, வளரும் நாடுகளில் மூன்று தவணைக்குப் பின் முதல் வகைக்கு 100-க்கு 73 பிள்ளைகளிடமும், இரண்டாம் வகைக்கு 90 பிள்ளைகளிடமும், மூன்றாம் வகைக்கு 70 பிள்ளைகளிடமும்தான் எதிர்ப்பொருள் உண்டானது. பந்தியில் முந்திக்கொண்டவர் யார் என்பது இந்த எண்களிலும் தெரிகிறது.

ஜேக்கப் ஜான் குறையைக் கண்டதோடு நின்றுவிடவில்லை. மூன்று தவணை போதாதெனில் கூடுதல் தவணைகள் வேண்டும், அவற்றையும் ஊர் முழுவதற்கும் நாடித்துடிப்புப் போல ஒரே வேளையில், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்றார். இம்முறையால் வேலூர் நகரில் இளம்பிள்ளை வாதம் கட்டுப்பட்டதை அவர் குழுவினர் 1983-இல் மருத்துவ இதழில் எழுதினர். 'பல்ஸ் போலியோ' என்று 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடெங்கும் தொடங்கிய இயக்கத்தின் பெயரில் உள்ள 'பல்ஸ்' இந்த நாடித்துடிப்பே.

இனி முதல் தாயின் கேள்விக்கு ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டுவோம். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று வகையும் கலந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை, முதல் வகைப் போலியோவிலிருந்து எத்தனை பிள்ளைகளைக் காக்கிறது என்று மதிப்பிட்டது. உத்தரப் பிரதேசத்தில் 100-க்கு 9. பீகாரில் 18. நாட்டின் பிற பகுதிகளில் 21. நெருக்கமான குடியிருப்பு, திறந்த சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கூட்டு விளைவு இது. 100-க்கு 9 என்றால், மூன்று தவணை பெற்ற 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 75 பேர் இன்னும் காப்பின்றி இருப்பார்கள். பத்துத் தவணை கொடுத்தாலும் 39 பேர் மிஞ்சுவர். 100-க்கு 21 எனில், பத்துத் தவணைக்குப் பின் மிஞ்சுவது 9 அல்லது 10 பேர் மட்டுமே. ஏழெட்டு முறை சொட்டு மருந்து பெற்ற பிள்ளையும் உத்தரப் பிரதேசத்தில் கால் முடங்கியதைக் கண்டு, "மருந்தே நோயைத் தருகிறது" என்று சிலர் வதந்தி பரப்பினார்கள். உண்மையோ, அத்தனை முறையும் விதை அக்குடலில் முளைக்கவில்லை என்பதே. காலியான அட்டைக் கட்டத்தை நிரப்பும் சடங்காகச் சிலர் எண்ணும் தவணைகள், முளைக்காத இடத்தில் மறுபடி தெளிக்கும் விதைகளாகும். சென்ற முறை முளைத்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி.

அறிஞர்கள் பங்காளிச் சண்டையைத் தீர்க்கவும் ஒரு வழி கண்டார்கள். முந்திக்கொள்ளும் இரண்டாம் வகையைப் பந்தியிலிருந்தே எழுப்பிவிட்டால் என்ன? இயற்கையில் இருந்த இரண்டாம் வகைப் போலியோ உலகில் கடைசியாக அறியப்பட்டது 1999-இல், நம் நாட்டின் அலிகாரில். அதன் பிறகும் அதற்கு எதிரான மருந்தைச் சேர்த்துக் கலந்துகொண்டிருந்தோம். 2005-இலிருந்து முதல் வகை மட்டும் உள்ள மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு தவணையின் பயன் உத்தரப் பிரதேசத்திலேயே 100-க்கு 30 அளவுக்கு உயர்ந்தது. 2010-இல் முதல் வகையும் மூன்றாம் வகையும் மட்டும் கலந்த மருந்து வந்தது. மறு ஆண்டே, 2011 ஜனவரி 13-ஆம் நாள், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோயுற்ற ஒரு சிறுமியோடு, இயற்கைப் போலியோ இந்நாட்டில் நின்றது. 2014 மார்ச் 27-இல் உலக நல நிறுவனம் நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ ஒழிந்த சான்று அளித்தது. 2016 ஏப்ரல் 25 முதல் இங்கே வழக்கமாகக் கொடுப்பதும் இருவகைச் சொட்டே. இந்த மாற்றத்திற்குப் பின், ஆப்பிரிக்கா முதலிய இடங்களில், தவணை குறைந்த ஊர்களில் மருந்திலிருந்த இரண்டாம் வகை வைரஸே நாள்பட உருமாறி நோயைப் பரப்பியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கெனத் திருத்திய புதிய இரண்டாம் வகை மருந்து 2021 முதல் பயனில் உள்ளது. எல்லாப் பிள்ளைகளும் தவணை பெற்ற ஊரில் அந்த வைரஸ் உருமாறிப் பரவ வழியில்லை.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். ரோட்டா வைரஸை 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் பெண்மணியின் குழு, வயிற்றுப்போக்குற்ற பிள்ளைகளின் குடல் திசுவில் கண்டது. கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு முதன்மையான காரணம் இதுவே. 2010களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 பிள்ளைகள் இதனால் இறந்தனர் என்பது மதிப்பீடு. இன்று நம் நாட்டில் கொடுக்கப்படும் தடுப்பு மருந்துகளுள் ஒன்றான 'ரோட்டாவேக்' பிறந்த கதை சுவையானது. 1980களில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், பிறந்த குழந்தைகள் சிலரின் குடலில் ரோட்டா வைரஸ் இருந்தும் அவர்களுக்கு நோய் வரவில்லை என்பதை மருத்துவர் எம். கே. பான் அவர்களின் குழு கவனித்தது. சாதுவான அந்த வைரஸையே மருந்தாக்கினர். தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்தது. 2016-இல் சில மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்ந்த இம்மருந்து, 2017-இல் தமிழ்நாட்டிற்கும் வந்தது.

போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் ஒரே குடலில் பெருக வேண்டியவை. ஆறாம் வாரத்தில் இரண்டும் ஒருசேர வாயில் விழுகின்றன. ஒன்று மற்றதைக் கெடுக்குமா? கொஞ்சம் கெடுக்கும் என்பதே நேர்மையான விடை. ஆனால் ஒரு திசையில் மட்டும். ரோட்டா சொட்டு போலியோ சொட்டின் பயனைக் குறைப்பதாகத் தெரியவில்லை. போலியோ சொட்டுத்தான் ரோட்டாவின் பயனைச் சற்றுக் குறைக்கிறது. வங்காள தேசத்தின் சிற்றூர்ப் பகுதியில் நடந்து, 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டையும் வேறு வேறு நாளில் பெற்ற 100 குழந்தைகளில் 63 பேரிடம் ரோட்டா எதிர்ப்பொருள் உண்டாயிற்று. ஒரே நாளில் பெற்றவர்களில் 47 பேரிடமே உண்டாயிற்று. போலியோ மருந்து ஒரு வகையா, இரு வகையா, மூன்று வகையா என்பதால் வேறுபாடு வரவில்லை.

ஏன் இப்படி? மருந்து வைரஸ் ஒன்று குடலில் பெருகத் தொடங்கினால், குடலின் அணுக்கள் 'இன்டர்ஃபெரான்' என்னும் எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கின்றன. இன்ன வைரஸ் என்று பார்த்து விரட்டும் காவல் அன்று அது. வீதியில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் வீதி முழுவதும் கதவைச் சாத்திக்கொள்வது போன்றது. அவ்வேளையில் வரும் மற்றொரு வைரசுக்கும் கதவு அடைபடுகிறது. போலியோ மருந்து வைரஸ் முதல் தவணையில்தான் மிகுதியாகப் பெருகும். ஆகவே ரோட்டாவுக்கு இடைஞ்சலும் முதல் தவணையில்தான் மிகுதி. அடுத்தடுத்த தவணைகளில், போலியோவுக்கு ஓரளவு காப்பு உண்டான குடலில் அதன் பெருக்கம் குறைய, ரோட்டாவுக்கு வழி விடுகிறது. பல ஆய்வுகளில் கடைசித் தவணைக்குப் பின் இரு பிரிவுக் குழந்தைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது இதனாலேயே என்று கருதப்படுகிறது. தவணைகளை எல்லாம் முடிப்பதன் பயன் இங்கேயும் தெரிகிறது.

அப்படியானால் இரண்டு வார இடைவெளி விட்டு வேறு வேறு நாளில் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. ஏட்டுக் கணக்கில் அது சரி. வீட்டுக் கணக்கில் சரியில்லை. கைக்குழந்தையோடு பேருந்து ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு வரும் தாய், மூன்று முறை வரவேண்டிய இடத்தில் ஆறு முறை வருவாரா? வராமல் போன ஒரு தவணையின் இழப்பு, ஒரே நாளில் கொடுப்பதால் வரும் குறைவைவிடப் பெரிது. மேலும், ரோட்டா மருந்தை விரைவில் கொடுப்பதில் ஒரு காரணம் உண்டு. அந்நோய் பிள்ளையை முதல் ஆண்டிலேயே தேடி வருகிறது. ஆகவே ஒருசேரக் கொடுக்கலாம் என்றே உலக நல நிறுவனமும் நம் அரசும் கூறுகின்றன. இதை நாமும் ஒப்புகிறோம்.

இந்த இடத்தில், "பாதிதான் காக்கும் மருந்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்பாருக்கும் ஒரு விடை சொல்ல வேண்டும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்காவிலும், மிக வறிய நாடான மலாவியிலும் ஒரே ரோட்டா மருந்தைச் சோதித்தது. தென்னாப்பிரிக்காவில் கடும் ரோட்டா நோய் 100-க்கு 77 அளவு குறைந்தது. மலாவியில் 49 அளவே குறைந்தது. கேட்டவுடன் மலாவியில் மருந்து தோற்றது என்போம். ஆனால் மருந்து பெற்ற 100 குழந்தைகளுக்கு ஓராண்டில் தடுக்கப்பட்ட கடும் நோய்களை எண்ணியபோது, தென்னாப்பிரிக்காவில் 4.2 ஆகவும் மலாவியில் 6.7 ஆகவும் இருந்தது. மலாவியில் நோய் அவ்வளவு மலிந்திருந்ததால், பாதி காப்பும் அதிகப் பிள்ளைகளைத் தப்பவைத்தது. இரவில் கண் செருகி, நாக்கு வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்த வீட்டாருக்கு, 100-க்கு 49 என்பது சிறிய எண்ணாகத் தோன்றாது.

குடலில் மருந்து பிடிக்க உதவும் வேறு வழிகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள் மருந்தை அழித்துவிடுமோ என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பால் கொடுக்காதே என்று சொல்லும் பழக்கம் முன்பு இருந்ததைப் பாட்டிமார் அறிவர். தில்லி, கராச்சி, தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ ஆகிய மூன்று இடங்களிலும், ரோட்டா சொட்டு கொடுக்கும் வேளையில் ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்தப் பயனும் கிட்டவில்லை. எனவே, பசித்து அழும் குழந்தைக்கு மருந்தின் பெயரால் பாலை மறுக்கும் கொடுமை வேண்டவே வேண்டாம். சொட்டு கொடுத்த மறுநிமிடமே பால் கொடுக்கலாம்.

குடலிலுள்ள நோய்க் கிருமிகளை மருந்தால் துடைத்துவிட்டுப் பின்னர்ச் சொட்டு கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தை வேலூரிலேயே சோதித்தனர். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மூன்று நாள் 'அசித்ரோமைசின்' கொடுத்துவிட்டுப் போலியோ சொட்டு கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, குடலில் நோய்க் கிருமிகள் குறைந்தன. சொட்டு மருந்தின் பயனோ உயரவில்லை. துத்தநாகமும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் கொடுத்துப் பார்த்த வேலூர் ஆய்விலும் ரோட்டாவுக்குச் சிறிதளவே பயன் தெரிந்தது, போலியோவுக்கு இல்லை. மருந்துக் கடையில் தாமாகவே கிருமிக் கொல்லி வாங்கிக் குழந்தைக்குப் புகட்டும் பழக்கம் நம்மிடையே பெருகிவருவதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறோம்.

எதிர்பாராத நன்மை வந்தது ஊசியின் வழியே. சேபினின் சொட்டுக்கும் முன்பே, 1955-இல் ஜோனஸ் சால்க் என்பவர் போலியோவுக்கு ஊசி மருந்து கண்டிருந்தார். உயிரற்ற வைரசால் ஆனது அது. குருதியில் காப்புத் தரும், குடலில் தராது என்பதால் சொட்டுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஊசி போட்டபோது, தூங்கிப்போயிருந்த குடற்காவலும் விழித்துக்கொண்டது என்று 2014-இல் வேலூரிலிருந்தும் மொராதாபாதிலிருந்தும் இரண்டு ஆய்வுகள் காட்டின. சொட்டு முதலில் குடலுக்குப் பாடம் சொல்லிவைக்க, ஊசி அதை நினைவூட்டுகிறது. சொட்டும் ஊசியும் எதிரிகள் என்று அரை நூற்றாண்டு வாதாடியவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். இன்று நம் குழந்தைகளுக்கு ஆறாம் வாரத்திலும், பதினான்காம் வாரத்திலும், ஒன்பதாம் மாதத்திலும் தோலுக்குள் சிறு அளவில் போடும் போலியோ ஊசி இதுவே. "சொட்டுத்தான் கொடுத்தாயிற்றே, ஊசி எதற்கு?" என்று மறுக்க வேண்டாம்.

மடல் எழுதிய தாய்மாருக்கு இனிச் சில நடைமுறைக் குறிப்புகள். குழந்தை பிறந்தவுடன் கொடுக்கும் போலியோ சொட்டைத் தவறவிடாதீர்கள். பிற வைரஸ்கள் குடலில் குடியேறும் முன்னரே விதைப்பது அது. ரோட்டா சொட்டின் முதல் தவணையை ஆறாம் வாரத்தில் கொடுப்பதே நன்று. அது தவறினால் முதல் பிறந்த நாளுக்குள் தொடங்கியாக வேண்டும். அதன் பிறகு தொடங்குவதில்லை. குழந்தைக்கு லேசான வயிற்றுப்போக்கோ சளியோ இருந்தாலும் புதன்கிழமை தடுப்பூசி நாளைத் தள்ளிப் போடாமல் அழைத்துச் சென்று, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். கொடுக்கலாமா, பின்னர்க் கூடுதலாக ஒரு தவணை வேண்டுமா என்பதை அவர் சொல்வார். மருந்தைக் குழந்தை உடனே துப்பிவிட்டால், வீட்டுக்கு வந்த பின் வருந்தாமல் அங்கேயே, அப்போதே அவரிடம் தெரிவியுங்கள்.

ரோட்டா சொட்டு கொடுத்த அடுத்த சில நாட்களில், மிக அரிதாக, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளக்கூடும். 1999-இல் அமெரிக்காவில் ஒரு பழைய ரோட்டா மருந்து இதனாலேயே நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள மருந்துகளில் அந்த இடர் மிகக் குறைவு. எனினும் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கி, வாந்தி எடுத்து, மலத்தில் குருதி கலந்து போனால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். எந்த நாளில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று குறித்த அட்டையையும் மறவாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.